பிரஸ்ஸல்ஸா, புடாபெஸ்டா: எங்கள் வீரருக்கு எந்த வாசல்?

2026இல் மெய்வல்லுநர் பருவத்துக்கு இரண்டு முடிவு. செப்டெம்பர் 4, 5இல் பிரஸ்ஸல்ஸில், பல நகரங்களில் சுற்றுச் சுற்றாக நடக்கும் டயமண்ட் லீக் தொடரின் இறுதி. அது முடிந்து ஆறாம் நாள் புடாபெஸ்டில் புதிய அல்டிமேட் சம்பியன்ஷிப், 11 முதல் 13 வரை. பணத்தில் புடாபெஸ்ட் எட்டாத உயரத்தில் இருக்கிறது: மொத்தம் ஒரு கோடி டொலர், தங்கத்துக்கு 1,50,000. டயமண்ட் லீக் இறுதியில் வெற்றிக்கு 30,000, கூடுதல் பரிசுக்கென்று தேர்ந்த டயமண்ட் பிளஸ் நிகழ்ச்சியென்றால் 50,000. ஆனால் கொழும்பிலிருந்து பார்க்கிறவருக்கு முதல் கேள்வி, உள்ளே போவது எப்படி என்பதுதான்.

டயமண்ட் லீக்கில் புள்ளிதான் நுழைவுச்சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் முதலிடத்துக்கு 8, எட்டாமிடத்துக்கு 1. ஈட்டி போன்ற களநிகழ்ச்சியில் இறுதிக்கு ஆறு பேர்தான். 2025இல் இந்திய ஈட்டி வீரர் நீரஜ் சோப்ரா டோஹாவில் இரண்டாமிடம், பாரிஸில் முதலிடம் என்று இரண்டே சுற்றில் 15 புள்ளி எடுத்தார்; அதுவே சூரிச் இறுதிக்குப் போதுமாக இருந்தது. கணக்கு சுலபம்தான். சிக்கல், சுற்றுக்கு ஏற்பாட்டாளர் அழைக்க வேண்டும் என்பதில். அழைப்பு இல்லாதவருக்குப் புள்ளியே கிடையாது. இறுதிக்கு வந்ததும் சேர்த்த புள்ளி எல்லாம் அழிந்துவிடும், அன்றைய எறிதான் பட்டம். சூரிச்சில் ஜேர்மனியின் ஜூலியன் வெபர் 91.51 மீற்றர் எறிந்தபோது நீரஜ் 85.01உடன் இரண்டாமிடம்.

புடாபெஸ்டில் ஒலிம்பிக், உலக சம்பியன்களுக்கும் டயமண்ட் லீக் பட்டம் வென்றவருக்கும் நேரடி இடம். மிச்சத்தை உலகத் தரவரிசை நிரப்புகிறது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரேயொரு பெரிய எறி தரவரிசையைத் தூக்கிவிடாது. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் 12 மாதத்துக்குள் கிடைத்த சிறந்த ஐந்து பெறுபேறுகளின் சராசரிதான் கணக்கு. ஒவ்வொரு பெறுபேற்றிலும் தூரத்துக்கு ஒரு பங்கு, பிடித்த இடத்துக்கு இன்னொரு பங்கு. இடத்தின் மதிப்பு போட்டியின் வகுப்பைப் பொறுத்தது. அதே 84 மீற்றரை சுகததாச அரங்கில் தேசியப் போட்டியில் எறிவதும் உலக சம்பியன்ஷிப் இறுதியில் எறிவதும் ஒன்றல்ல. எங்கள் ஈட்டி வீரர் ருமேஷ் தரங்க பத்திரகே 2025இல் டோக்கியோ உலக சம்பியன்ஷிப்பில் 84.38 எறிந்து ஏழாமிடம் பெற்றது அதனால்தான் பெரிய விஷயம். அப்படி ஒரு பெறுபேறு 12 மாதம் தாண்டிக் கழன்றுவிட்டால் சராசரி சடாரென்று இறங்கும். மாற்று கையில் இருக்க வேண்டும். ஆகவே நல்ல வகுப்புப் போட்டிகள் ஐந்தையாவது பருவத்தின் தொடக்கத்திலேயே பதிந்து வைப்பது அவசியம்.

அழைப்புக்காகக் காத்திருப்பதைவிட இந்த வழி எங்கள் ஈட்டி வீரருக்குத் திறந்தது என்பதே எங்கள் கணிப்பு. குண்டு, தட்டு, ஸ்டீப்பிள்சேஸ் (தடையும் நீர்க்குழியும் தாண்டும் நெடுந்தூர ஓட்டம்) செய்பவருக்கு இந்தத் தேர்வே இல்லை. புடாபெஸ்ட் நிரலில் அவை கிடையாது; முப்பாய்ச்சலும் பெண்களுக்கு மட்டும். இது நெஞ்சை உறுத்துகிறது. 2003 முதல் 2009 வரை நடந்த உலக மெய்வல்லுநர் இறுதியில் குண்டும் தட்டும் இருந்தன.

குறுந்தூர ஓட்டத்தில் உடல் கணக்கும் வேறு. பிரஸ்ஸல்ஸில் ஒரே ஓட்டம், புடாபெஸ்டில் அரையிறுதியும் உண்டு. இடையில் உள்ள ஐந்து நாளில் கடும் பயிற்சி செய்தால் தொடைத் தசை பிடிக்கலாம். இரண்டு நாள் இளைப்பாறி, பிறகு தொடக்கப் பாய்ச்சல் மட்டும் பழகினால் போதும்.

பார்ப்பவர்களுக்கு: இரண்டு நகரும் கொழும்பைவிட மூன்றரை மணி பின்னால். அங்கே இரவு 8 என்றால் இங்கே 11.30.