டிவி நின்று நின்று ஓடுதா? பிளானை ஏற்றும் முன் டிபி-லிங்க் எஸ்ஜி105இ சுவிட்சைப் பாருங்கள்

ஃபைபர் வழியாக லைவ் டிவி வரும் வீடு, அதிலும் இரண்டு மூன்று டிவி ஓடுகிற வீடு என்றால் டிபி-லிங்கின் டிஎல்-எஸ்ஜி105இ சுவிட்சை, அதாவது ஒரு நெட் கேபிளைப் பல பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இந்தச் சின்னப் பெட்டியை, தைரியமாக வாங்கலாம். யூடியூப், ஓடிடி ஆப் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது வேண்டாம், கேபிள் செருக 5 துளை (போர்ட்) உள்ள சாதாரண சுவிட்சே போதும், காசும் மிச்சம்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். மாடியில் ஃபைபர் வந்து இறங்கும் ஓஎன்டி பெட்டி, அங்கிருந்து ஒரே ஒரு கேபிள் கீழே ஹாலுக்கு, ஹாலில் ஒரு சாதாரண சுவிட்ச், அதிலிருந்து செட்டாப் பாக்ஸ், கீழ் வீட்டுக்கான வைஃபை பெட்டி. அம்மா அறையில் இருக்கிற இன்னொரு செட்டாப் பாக்ஸ் அந்த வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அம்மா சீரியல் போட, அப்பா ஹாலில் நியூஸ் போட, படம் கட்டம் கட்டமாக உடையும், சத்தம் விட்டுவிட்டு வரும், அதே நேரத்தில் எல்லார் போனிலும் நெட் படுத்துவிடும். ஆபரேட்டரைக் கேட்டால் "பிளானை ஏத்திக்கோங்க சார், சரியாயிடும்" என்றார்கள். இங்கேதான் எல்லாரும் வீணாகப் பணத்தை விடுகிறார்கள் என்று எனக்குக் கோபமே வருகிறது. ஒரு ஹெச்டி சேனல் பெரும்பாலும் 10 எம்பிபிஎஸ்-க்குள் அடங்கிவிடும். 100 எம்பிபிஎஸ் பிளானில் இரண்டு டிவி திணறினால் குறை வேகத்தில் இல்லை, வழியில் எங்கேயோ இருக்கிறது.

வழியைப் பார்க்க முதலில் ஓஎன்டி விளக்குகளைப் பாருங்கள். சிக்னல் வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வெளியே எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது, நம் ஊரில் ரோடு தோண்டாத மாதம் ஏது, ஆபரேட்டரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிலைத்து நின்றால், பிரவுசரில் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஆர்எக்ஸ் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், எவ்வளவு என்று பாருங்கள். மைனஸ் 20 டிபிஎம்-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஃபைபரை இணைத்த ஒட்டு சரியில்லாமல் இருக்கலாம், வந்து பார்க்கச் சொல்ல வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அது நன்றாகவே இருந்தது. அப்படியானால் கோளாறு வீட்டுக்குள்.

சரி, சுவிட்சுக்கு வருவோம். இந்த மாதிரி லைவ் டிவி பெரும்பாலும் மல்டிகாஸ்ட் முறையில் வரும், அதாவது ஒரே ஒளிபரப்பு ஒரே நேரத்தில் பலருக்குப் போகும். சாதாரண சுவிட்சுக்கு யார் எந்தச் சேனலைக் கேட்டார்கள் என்று தெரியாது, அதனால் வந்ததை எல்லாப் போர்ட்டிலும் தள்ளிவிடும், தெருமுனையில் கட்டிய கோயில் மைக் செட் கேட்கிறவர் கேட்காதவர் என்று பார்க்காமல் எல்லார் வீட்டிலும் ஒலிக்கிற மாதிரி. கம்பியில் இது பெரிய தொந்தரவில்லை. வைஃபை பெட்டிக்குள் போனால்தான் வினை, ஏனென்றால் வைஃபை மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளைப் பொதுவாக மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது, தொலைந்தால் திரும்ப அனுப்பாது. போனுக்கு நெட் கிடைக்காமல் போனதும் அம்மா அறை டிவியில் படம் உடைந்ததும் இதனால்தான்.

பழைய சுவிட்சுக்குப் பதில் வைத்த எஸ்ஜி105இ-யில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி இருக்கிறது. எந்தப் போர்ட் எந்தச் சேனலைக் கேட்டதோ அங்கே மட்டும் அனுப்பும். அதை ஆன் செய்து, அம்மா அறைக்கும் ஒரு கேபிள் இழுத்தேன், இரண்டு டிவி ஓடும்போதும் போனில் நெட் ஒழுங்காக வருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆன் செய்தபிறகு சேனல் நன்றாக ஓடி 4 நிமிஷம் போல ஆனதும் உறைந்து, சேனலை மாற்றினால் மறுபடி வந்தால் சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள். "இன்னும் பார்க்கிறாயா" என்று அவ்வப்போது விசாரிக்கிற குவெரியர் உங்கள் நெட்வொர்க்கில் இல்லை என்று அர்த்தம். விசாரணை 125 வினாடிக்கு ஒருமுறை வர வேண்டும், 260 வினாடி வரை பதில் எதுவும் வராவிட்டால் சேனலை நிறுத்திவிடுவது வழக்கமான கணக்கு. ரூட்டரில் அந்த விசாரணையை நடத்தும் ஐஜிஎம்பி பிராக்ஸி என்ற செட்டிங்கை ஆன் செய்தால் பெரும்பாலும் தீரும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கேபிள் டெஸ்ட், செருகிய கேபிளில் எங்கே பழுது என்று சுவிட்சே பார்த்துச் சொல்லும். ஹால் டிவி கம்பியில் இருந்தும் உடைந்ததே, அதற்குக் காரணம் மாடியிலிருந்து வரும் கேபிளின் முனை. உள்ளே ஒரு ஜோடிக் கம்பி ஓப்பன், அதாவது தொடர்பு அறுந்திருக்கிறது, என்று காட்டியது, எத்தனை மீட்டரில் என்றும் காட்டியது. அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிய பிளக்கை கிரிம்ப் செய்து அழுத்திப் பொருத்தியதும் சரி. புதிதாக இழுக்கிறவர்கள் கடையில் சுத்தச் செம்பு கேட்-6 நெட் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். சிசிஏ என்று போட்டிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் சீக்கிரம் உடையும்.

அப்புறம் வெயில். நம் வேலூர் மே மாதத்தில் டிவி ஸ்டாண்டு அடைப்புக்குள் ஓஎன்டியை வைத்தால் அது தானாக ரீஸ்டார்ட் ஆவதில் ஆச்சரியமே இல்லை, வெளியே காற்றுப்படும்படி மாட்டுங்கள். இந்தச் சுவிட்ச் உலோக உடம்பு, ஃபேன் இல்லை, சத்தமும் இல்லை.

இதில் பிஓஇ, அதாவது நெட் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் வசதி, கிடையாது. சிசிடிவி கேமராவுக்கும் இதே சுவிட்சிலிருந்து கரண்ட் கொடுக்க நினைப்பவர்கள் வேறு மாடல்தான் பார்க்க வேண்டும்.