தூக்கணாங்குருவி: நிறம் பார்ப்பதா, கூடு பார்ப்பதா?

எங்கள் பக்கம் இரண்டு வகை உண்டு. பனையிலும் கருவேலத்திலும் கூட்டைத் தொங்கவிடுகிற வழக்கமான தூக்கணாங்குருவி ஒன்று. கண்மாய்த் தண்ணீரில் வளரும் சம்புப் புல்லுக்குள் கட்டுகிற, நெஞ்சில் கோடு போட்ட வகை இன்னொன்று. எது எதுவென்று அடையாளம் காண்பதில், பைனாகுலர் வாங்கிய புதிதில் நான் நிறக் கட்சி. இப்போது கூட்டுக் கட்சிக்குத் தாவிவிட்டேன்.

கூடு கட்டும் பருவத்தில் ஆணை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டுக்கும் உச்சந்தலை மஞ்சள், கன்னம் கருமை. மார்பு கோடில்லாத மஞ்சள் என்றால் பனைக்காரன். வெளிர் மார்பில் கருங்கோடு என்றால் சம்புக்காரன். சரி, பருவம் முடிந்த பிறகு? மஞ்சள் போய் ஆணும் பெட்டை மாதிரி ஆகிவிடும். பெட்டையோ ஊர்க்குருவிப் பெட்டையின் சாயல். ஒரு தை மாதம், அறுத்த வயலில் மேய்ந்த கூட்டத்தை ஊர்க்குருவி என்றே நோட்டில் எழுதிவிட்டேன். அப்புறம் ஒன்று வரப்பில் வந்து உட்கார்ந்தது. தடித்த அலகு, குட்டை வால். எழுதியதை அடித்தேன்.

கூட்டுக்கு இந்த வேஷமெல்லாம் இல்லை. காய்ந்து பழுப்பானாலும் பருவம் தாண்டித் தொங்கும். சுரைக்குடுக்கை வடிவம், கீழே நீண்ட குழாய், பெரும்பாலும் கிணற்றுக்கோ முள்ளுக்கோ மேலே, ஒரே மரத்தில் பத்து இருபது என்றால் பனைக்காரன். நாலைந்து சம்புத் தாள்களைச் சேர்த்துப் பின்னி, தண்ணீருக்குச் சற்று மேலே, குட்டைக் குழாயோடு இருந்தால் மற்றது. தொப்பி மாதிரி பாதியில் நிற்கும் கூடுகளையும் விட்டுவிடாதீர்கள். ஆண் அதுவரை கட்டிவிட்டுப் பெட்டைக்குக் காட்டும். பிடித்தால்தான் மீதி வேலை. காற்றில் விழுந்த ஒன்றை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். நார் நாராகக் கிழித்த புல், உள்சுவரில் விரல்நுனி அளவு களிமண் அப்பல்கள், மண்ணில் இன்னும் அலகின் தடம். (விழுந்ததை மட்டும். அலங்காரத்துக்கென்று மரத்திலிருந்து அறுப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.)

நான் பார்த்ததெல்லாம் நாலைந்து கண்மாய்தான். வடக்கே கங்கைச் சமவெளிக்குப் போனால் கருமார்பு வகையும் சேர்ந்துகொள்ளும். அதுவும் நாணலில்தான் கட்டும். அங்கே மார்பையும் பார்த்தாக வேண்டும். இன்னொன்று, கூடு சொல்வது கட்டியவர் யார் என்பதைத்தான். போன வாரம் கிணற்றுப் பனையில் ஒரு பழைய கூட்டிலிருந்து தலை நீட்டியது, வெண்தொண்டைச் சில்லை.