24–28 எச்.பி. மினி டிராக்டருக்கு ரோட்டரி ஸ்லாஷர்: தென்னந்தோப்பில் சில பருவம் ஓடிய பிறகு தெரிவது

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்புக்காரர்கள் பலர் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைக் குறைத்துக்கொண்டு, சுழலும் பிளேடால் புல் வெட்டும் ஸ்லாஷருக்கு வந்திருக்கிறார்கள். தென்னையின் சத்து உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவிக் கிடப்பவை. ஒவ்வொரு முறை ரொட்டவேட்டர் விடும்போதும் அவை அறுபடுகின்றன. புல்லை வெட்டி அங்கேயே விட்டால் அது மூடாக்காகிறது, ஈரமும் நிற்கிறது. எந்த ஸ்லாஷர் என்பதில்தான் தடுமாற்றம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த எச்.பி. அளவுக்கு 4 அடி அகலம், கனமான மேல்தகடு, டிராக்டரின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டில் ஸ்லிப் கிளட்ச் (எதிலாவது சிக்கினால் வழுக்கிக் கொடுப்பது). 5 அடி வேண்டாம். கடையில் அடிக்கணக்கில் விலை பேசுவார்கள். தோப்பில் முதலில் போவது ஷாஃப்டும் கியர்பாக்ஸ் ஆயில் சீலும்தான், அதனால் காசை அங்கே போட வேண்டும்.

அகலக் கணக்கு

அடிக்குப் பிடிஓ-வில் (கருவிகளைச் சுற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் சுழல்தண்டு) 5 எச்.பி. என்பது நடைமுறைக் கணக்கு. டிராக்டரின் மேல் எழுதியிருப்பது இன்ஜின் எச்.பி. பின்னால் பிடிஓ-வுக்கு வருவது அதில் ஏறக்குறைய 85 சதவீதம். 24 எச்.பி. வண்டிக்கு 20 எச்.பி. கிடைக்கும், அது 4 அடிக்குச் சரி. 28 எச்.பி. வண்டிக்குக்கூட 24-ஐ ஒட்டித்தான் வரும். 5 அடிக்கு 25 வேண்டும். முழங்கால் உயரப் புல்லில் 5 அடியும் ஓடிவிடும், விற்பவர் காட்டும் டெமோவும் அந்த மாதிரி இடத்தில்தான் நடக்கும். மழைக்குப் பின் ஆள் உயரம் நிற்கும் கினியாப் புல்லில் விட்டுப் பார்த்தால் இன்ஜின் திணறும், ஆர்.பி.எம். இறங்கும், புல் வெட்டுப்படாமல் மடிந்து படுத்துக்கொள்ளும்.

5 அடிக்கு ஆதரவாக ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி போக, நடுவே ஏறக்குறைய 4 மீட்டர் பட்டை கிடைக்கும். 15 செ.மீ. மேலேறி ஓட்டினால் 5 அடி ஸ்லாஷர் மூன்று ஓட்டத்தில் அதை முடித்துவிடும். 4 அடிக்கு மூன்று ஓட்டத்தில் அரை மீட்டருக்கு மேல் மிச்சம் நிற்கும், நான்காவது ஓட்டம் வேண்டும். இருந்தாலும் 4 அடிதான் சரி. அந்த நான்காவது ஓட்டத்துக்கு ஆகும் டீசலைவிட, எப்போதும் மூச்சு முட்டி ஓடும் கிளட்ச் பிளேட்டின் விலை அதிகம்.

4 அடிக்குக் கீழேயும் போக வேண்டாம். மினி டிராக்டரின் பின் டயர்களின் வெளி அகலம் ஒரு மீட்டரை ஒட்டி வரும். ஸ்லாஷர் அதைவிட அகலமாக இல்லாவிட்டால் டயர் மிதித்த புல் அப்படியே கிடந்து இரண்டு நாளில் எழுந்துவிடும்.

வேலை வேகத்தைப் பொறுத்தவரை, மணிக்கு 3 கி.மீ. ஓட்டினால், திருப்பங்கள் போக, மணிக்கு அரை ஏக்கருக்குச் சற்று மேலே முடியும். இதைவிட வேகமாக முடியும் என்று யாராவது சொன்னால் அவர் புல் எவ்வளவு உயரம் என்று சொல்லவில்லை என்று பொருள்.

பிடிஓ வேகம்

ஸ்லாஷர்கள் 540 ஆர்.பி.எம். பிடிஓ-வுக்குச் செய்யப்படுகின்றன. மினி டிராக்டர்கள் சிலவற்றில் 750, 980 என்று இன்னொரு வேகமும் இருக்கும். ஸ்பிரேயருக்கோ வேறு எதற்கோ மாற்றிய லீவரை அப்படியே விட்டு ஸ்லாஷரைப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 1:1.46 விகித கியர்பாக்ஸில் 540-க்கு பிளேடு 790 சுற்று சுற்றும். 4 அடி வட்டத்தில் பிளேடு முனையின் வேகம் மணிக்கு 180 கி.மீ. அளவில் இருக்கும். 750-இல் அது 250-ஐ ஒட்டிப் போகும், பிளேடு போல்ட்டை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். நன்றாக வெட்டுகிறதே என்று தோன்றும். போல்ட் அப்படி நினைக்காது.

ஷாஃப்ட், கிளட்ச், ஷியர் போல்ட்

ஸ்லாஷரோடு வரும் ஷாஃப்ட் பெரும்பாலும் 45 எச்.பி. வண்டியின் நீளத்துக்கு வருவது. மினி டிராக்டரில் பிடிஓ-வுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடைவெளி குறைவு. அப்படியே மாட்டினால், வரப்பு ஏறும்போது உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் போய் முட்டும். முட்டியதும் விசை நேராக டிராக்டரின் பிடிஓ பேரிங்குக்கும் ஸ்லாஷர் கியர்பாக்ஸுக்கும் போகும். புது மெஷின் ஒரே மாதத்தில் கியர்பாக்ஸ் ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அளவெடுக்கும் முறை எளிது. ஸ்லாஷரைப் பூட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டு, லிஃப்டை மேலும் கீழும் கொண்டுபோய் எந்த உயரத்தில் இரண்டு முனைகளும் மிக அருகில் வருகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் ஷாஃப்டின் இரு பாதிகளையும் பக்கம் பக்கமாகப் பிடித்து, முட்டுவதற்கு 3 முதல் 5 செ.மீ. இடம் விட்டுக் குறியிட வேண்டும். உள்குழாய், வெளிக்குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவு வெட்ட வேண்டும். வெட்டிய பிசிரை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். மிக நீண்ட நிலையிலும் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். மறுபடி மாட்டும்போது இரண்டு பக்க நுகங்களும் (முனைக் கவைகளும்) ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல் மாறினாலும் அதிர்வு வரும், நுகங்களை இணைக்கும் கிராஸ் சீக்கிரம் போகும்.

பாதுகாப்புக்கு இரண்டு வழிகள். ஷியர் போல்ட் மலிவு: கல்லில் அடித்தால் போல்ட் அறுந்து கியர்பாக்ஸ் தப்பும். சிக்கல் அதன் மாற்றுப் போல்ட்டில். கையிருப்பில் போல்ட் இல்லாமல் பக்கத்துக் கடையில் கடினமான 8.8 கிரேடு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அது அறுபடாது, அடுத்த கல்லில் கியரின் பல்தான் போகும். கம்பெனி சொன்ன கிரேடில் பத்து போல்ட் டூல் பாக்ஸில் இருக்கட்டும். தென்னந்தோப்பில் மட்டையின் அடித்தண்டும் வேர்க்கட்டையும் அடிக்கடி சிக்குவதால் இறங்கி ஏறி போல்ட் மாற்றியே பொழுது போகும். அதனால்தான் ஸ்லிப் கிளட்சுக்குக் கூடுதல் காசு தகும் என்கிறேன்.

ஸ்லிப் கிளட்சுக்கு ஒரு குணம் உண்டு: மழைக்காலம் முழுக்க சும்மா நின்றால் தகடுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது கிளட்ச் அல்ல, வெறும் இரும்பு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு, நட்டுகளை ஒரே அளவு தளர்த்தி, தகடுகளில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, பிடிஓ-வை இரண்டு மூன்று நொடி மட்டும் விட்டு நிறுத்துங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்குகிறது, பழைய நீளத்துக்கே முறுக்கிவிடலாம். விலகாவிட்டால் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஓவர்ரன் கிளட்ச் என்பது வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்: டிராக்டரிலிருந்து ஸ்லாஷருக்கு மட்டும் விசையை விடும், திருப்பி வர விடாது. ஒற்றை கிளட்ச் உள்ள டிராக்டரில் கிளட்சை மிதித்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடுகளின் வேகம் ஷாஃப்ட் வழியாகக் கியர்பாக்ஸைத் தள்ளி வண்டியை முன்னால் நகர்த்தும். பாத்தி ஓரத்திலோ கிணற்று மேட்டிலோ இது ஆபத்து. அந்த வகை வண்டி வைத்திருப்பவர் ஓவர்ரன் கிளட்ச் இல்லாமல் ஸ்லாஷர் பூட்டவே கூடாது. தனி பிடிஓ கிளட்ச் உள்ள வண்டிகளில் தள்ளும் பிரச்சினை இல்லை. ஆனால் பிடிஓ-வுக்குப் பிரேக் இருந்தால் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி ஷாஃப்டுக்குப் போகும், அங்கேயும் ஓவர்ரன் கிளட்ச் நல்லதுதான்.

பன்னாடையும் லேட்டரலும்

தென்னந்தோப்புக்கே உரிய தொல்லை இது. பன்னாடை, நைலான் கயிறு, அறுந்த 16 மி.மீ. சொட்டுநீர் லேட்டரல், எல்லாம் கியர்பாக்ஸுக்குக் கீழே சுற்றும் வட்டத் தட்டுக்கும் சீலுக்கும் நடுவில் போய்ச் சுற்றிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. சுற்றியது இறுகி, சூடேறி, சீலின் உதட்டை அறுத்துவிடும். எண்ணெய் சொட்டுச் சொட்டாய் ஒழுகி, புல்லுக்குள் போய்விடுவதால் கண்ணில் படாது. கியர் காய்ந்து ஊளையிடும்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஸ்லாஷரைத் தூக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நான்கு மூலையிலும் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகு கீழே பார்த்துச் சுற்றியதை அறுத்தெடுக்க வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் கை விடக் கூடாது. கியர்பாக்ஸ் எண்ணெய் EP 90 ரகம். முதல் 50 மணி நேரத்தில் ஒரு முறை மாற்றிவிட்டால் தொடக்கத் தேய்மானத் தூள் போய்விடும். சீல் லேசாக ஒழுகத் தொடங்கி, உடனே பிரிக்க முடியாத நிலை என்றால், கூழ் போல் ஓடும் 00 ரக கியர் கிரீஸ் ஊற்றிப் பருவத்தை ஓட்டலாம். கையால் தடவும் சாதாரண கிரீஸை அடைக்கக் கூடாது. கியர் அதில் ஒரு பள்ளம் போட்டுக்கொண்டு காய்ந்தே சுற்றும்.

லேட்டரல் இருக்கும் தோப்பில் வெட்டும் உயரம் 5 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம். குழாயை வட்டப்பாத்திக்குள் இழுத்துப் போட்ட பிறகே வண்டி இறங்க வேண்டும்.

விழுந்த மட்டையை ஸ்லாஷர் தூளாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காய்ந்த மட்டையின் கீற்றைத் துண்டாக்கும், நடுத்தண்டைப் பிளக்கும், அடித்தண்டை எடுத்து வீசும். அடித்தண்டை முன்கூட்டியே வெட்டி ஒதுக்கிவிட்டால் மீதி நன்றாகவே நொறுங்கும். எல்லாவற்றையும் தூளாக்க வேண்டுமென்றால் மல்ச்சர் வேண்டும், அதற்கு இந்த வண்டி போதாது. புல்லுக்குள் மறைந்த குரும்பை, தேங்காய்த் தொட்டி, கல் எல்லாம் குண்டு மாதிரி பறக்கும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாத மெஷினை வாங்கவே வேண்டாம். ஓடும்போது 90 மீட்டருக்குள் ஆளோ மாடோ நிற்கக் கூடாது. மரத்தடியில் தேங்காய் பொறுக்குபவர்கள் இருக்கும் நாளில் ஸ்லாஷர் விடாமலிருப்பதே உத்தமம்.

பிளேடு

பிளேடு சவரக் கத்தி கூர்மை கேட்பதில்லை. விளிம்பில் 1.5 மி.மீ. தடிமன் விட்டுத் தீட்டினால் போதும். அதற்கு மேல் கூராக்கினால் முதல் கல்லிலேயே மடங்கும். இரண்டையும் கழற்றி மளிகைத் தராசில் எடை போடுங்கள், வித்தியாசம் 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். 100 கிராம் வித்தியாசம் இருந்தாலே, மேலே சொன்ன 790 சுற்றில், ஏறக்குறைய 35 கிலோ விசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே சுற்றும். கியர்பாக்ஸ் அடிப் பேரிங் அதைத் தாங்காது. ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் பிளேடு அடித்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. விலை பாதிதான். பட்டையைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி போல் நொறுங்கும், காய்ச்சாமல் விட்டால் வளையும். நிதானமாகப் பதம் வைக்கத் தெரிந்த கொல்லர் அமைந்தால் ஒழிய இதில் இறங்க வேண்டாம். உடைந்த பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

பூட்டும்போது

மினி டிராக்டருக்கு கேட்டகரி 1 அளவு பின்: கீழே இழுக்கும் லிங்க் இரண்டும் 22 மி.மீ., மேலே பிடிக்கும் டாப் லிங்க் 19 மி.மீ. பெரிய வண்டிக்கான 28 மி.மீ. பின்னோடு வந்தால் கடையிலேயே மாற்றி வாங்குங்கள். கீழ் லிங்குகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினை இரண்டு மூன்று செ.மீ. ஆட்டம் மட்டும் விட்டு இறுக்கணும், இல்லாவிட்டால் திருப்பத்தில் ஸ்லாஷர் டயரில் உரசும்.

முன்பக்கம் பின்பக்கத்தைவிட 1 முதல் 2.5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் வெட்டிய புல்லையே மறுபடி வெட்டி எச்.பி.யைத் தின்னும். டாப் லிங்க் இணையும் இடம் ஆடும்படி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இறுகியிருந்தால் வண்டி வரப்பைத் தாண்டும்போது ஸ்லாஷரின் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்.

லிஃப்ட் 750 கிலோ என்று இந்த வகை வண்டிகளில் எழுதியிருப்பது கீழ் லிங்க் முனையில் அளந்தது. ஸ்லாஷரின் எடைமையம் அதற்கும் பின்னால் இருக்கிறது. தூக்கி நிற்கும்போது ஸ்டியரிங் லேசாகிவிட்டால் முன் வெயிட் போட்டே ஆக வேண்டும். பிடிஓ ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பத்தில் முழு உயரம் தூக்குவதும் ஒரு கெட்ட பழக்கம்: கிராஸ் கடகடவென்று அடிக்கும். லிஃப்ட் லீவருக்கு ஒரு தடுப்பு வைத்துவிட்டால் டிரைவர் மாறினாலும் பயமில்லை.

வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வாங்குபவர்கள் பட்டியலில் இருக்கும் மாடலைத்தான் எடுக்க முடியும். அப்போதும் புத்னி, ஹிசார் போன்ற மத்திய அரசுச் சோதனை நிலைய அறிக்கை இருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். பிளேடின் கடினத்தன்மையும் சோதித்த டிராக்டரின் எச்.பி.யும் அதில் இருக்கும். 50 எச்.பி. வண்டியில் சோதித்த மெஷினை 24-க்குப் பூட்டினால் பிரச்சினை யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பழைய ஸ்லாஷர் பார்க்கப் போனால் பெயின்டைப் பார்க்க வேண்டாம். முட்டுக் கொடுத்து, அடித்தட்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிற்று. எண்ணெய் மூடியைத் திறந்து விரலால் தொடுங்கள்: வெள்ளி மினுக்கு இருந்தால் கியர் தேய்கிறது, பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பிளேடு போல்ட்டின் காட்டர் பின் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி முறுக்கியிருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள்.