ஆலிஸ் பெரிய பை: சுமைநடைப் பயிற்சிக்கு வாங்கலாமா?

சிறப்புப் படைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முதலில் காசு செலவழிப்பது ஷூவுக்கு, அடுத்தது பைக்கு. ஷூ விஷயத்தில் ரொம்ப ஏமாற முடியாது. நாலு நாள் போட்டு நடந்தால் தெரிந்துவிடும். பையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் வெறும் பையாக மாட்டிப் பார்க்கும்போது எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். உள்ளே 20 கிலோ ஏற்றி, 12 கிலோமீட்டர் தாண்டிய பிறகு அது முதுகை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் இங்கே எடுத்துக்கொள்வது 'ஆலிஸ்' பெரிய முதுகுப்பை. வீரர் சுமக்கும் பை, பட்டை முதலியவை அடங்கிய, அமெரிக்க ராணுவம் 1973இல் ஏற்றுக்கொண்ட தொகுதியைச் சேர்ந்தது. பின்னாளில் 'மாலி' தொகுதி அதன் இடத்தைப் பிடித்தது. பழைய ராணுவச் சரக்கு விற்கும் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. இந்திய ராணுவத்தில் இருக்கும் நம் ஆட்கள் 'பிட்டு' என்பார்களே, அதே வேலைக்கான பை.

எதற்காக இந்த வேலை என்பதை முதலில் சொல்லிவிடலாம். அமெரிக்க ராணுவச் சிறப்புப் படையின் தேர்வு வட கரோலினாவில் உள்ள கேம்ப் மெக்காலில் நடக்கிறது. மணற்பாங்கான பைன் காடு. முதுகில் சுமையோடு நடை, திசைகாட்டியை வைத்து இடம் தேடுவது, குழுவாக மரக்கட்டை தூக்குவது என்று எல்லாமே காலையும் முதுகையும் தின்கிற வேலை. பல நடைகளில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்லவே மாட்டார்கள். பயிற்சிக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் அதே ராணுவத்தின் கடும் பயிற்சிப் பள்ளியான ரேஞ்சர் பள்ளியின் நடையை எடுத்துக்கொள்ளலாம்: 12 மைல், அதாவது சுமார் 19.3 கிலோமீட்டர், 35 பவுண்டு சுமையோடு 3 மணி நேரத்துக்குள். கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 20 விநாடி. சிறப்புப் படைக்குப் போகிறவர்கள் தண்ணீரும் சாப்பாடும் சேர்க்காமலே 45 பவுண்டு, சுமார் 20 கிலோவில் பழக வேண்டும்.

இந்த வேலைக்கு ஆலிஸ் பை சரியானதுதான். ஆனால் வாங்கியபடியே மாட்டிக்கொண்டு கிளம்பினால் இரண்டாவது வாரமே வெறுத்துப்போகும்.

பை நைலான் துணி. முதுகுப் பக்கத்தின் மேலே ஓர் உறை இருக்கிறது. அலுமினியச் சட்டத்தின் தலை அதற்குள் நுழையும். கீழே இரண்டு பட்டைகள் சட்டத்தைச் சுற்றி வந்து பக்கிளில் இறுகும். வெளியே கீழ் வரிசையில் மூன்று பெரிய பாக்கெட், மேல் வரிசையில் மூன்று சிறியவை. உள்ளே முதுகை ஒட்டி ஒரு தட்டையான பாக்கெட் உண்டு. வானொலிக் கருவி வைப்பதற்காகத் தைத்தது. இந்தப் பையிலேயே மிக அருமையான இடம் அதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறோம். நடுத்தர அளவுப் பையைச் சட்டம் இல்லாமலும் சுமக்கலாம். பெரியதைச் சட்டம் இல்லாமல் சுமக்கவே கூடாது. சட்டத்தில் எல்.சி.-1, எல்.சி.-2 என்று இரண்டு வகை. இரண்டாவது பலப்படுத்தியது, அதையே வாங்குங்கள்.

இனி குறை. சட்டத்தின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஓர் அலுமினியக் குழாய் ஓடுகிறது. அதன் மேல் கட்டிய இடுப்பு மெத்தைதான் உங்கள் முதுகுக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு. பழைய மெத்தை அமுங்கிப் போயிருக்கும். நடக்க நடக்கப் பை அரை அங்குலம் ஏறி இறங்கும்; ஒவ்வொரு அடிக்கும் அந்தக் குழாய் வால் எலும்புக்கு மேலே உள்ள தோலைத் தேய்க்கும். வியர்வையும் உப்பும் சேர்ந்தால் 8 கிலோமீட்டருக்குள் தோல் உரிந்துவிடும். அடுத்த வாரம் அதே புண்ணின் மேல் அதே குழாய். இந்தப் புண்ணுக்குப் பயந்தே பலர் பையைத் தூக்கிப் போடுகிறார்கள்.

தீர்வு மலிவானது. ஏசி மெக்கானிக்குகள் காப்பர் குழாயைச் சுற்றிப் போடும் கறுப்பு ஃபோம் குழாயில் ஒரு மீட்டர் வாங்குங்கள். நீளவாக்கில் கீறி, சட்டத்தின் கீழ்க் குறுக்குக் குழாயிலும் அதன் இரண்டு மூலைகளிலும் மாட்டுங்கள். ஒரு சாண் இடைவெளியில் கேபிள் டை போட்டு இறுக்கி, டையின் தலை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி, நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய முனை பிளேடு மாதிரி இருக்கும், அதன் மேல் துணி டேப் கட்டாயம். அதற்கும் மேலேதான் இடுப்பு மெத்தை. இந்த ஃபோம் வியர்வையை உறிஞ்சாது, அதனால் நாறாது. பஞ்சோ பழைய துண்டோ சுற்றினால் ஒரே நடையில் நனைந்து கனத்து, தேய்ப்பதும் அதிகமாகும்.

அடுத்தது தோள் பட்டை. அவசரத்தில் பையை உதறிவிட்டுப் படுக்க வேண்டும் என்பதற்காக விரைவாகக் கழலும் பக்கிள் வைத்திருக்கிறார்கள். பழைய பைகளில் அந்தப் பக்கிளின் பல் தேய்ந்திருக்கும். பட்டை ஈரமானதும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, ஒரு தோள் இறங்கிவிடும். அது தெரியாமல் நடந்தால் மறுநாள் கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போதே பட்டையை நனைத்து, 20 கிலோ தொங்கவிட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் விரற்கடை அளவு நழுவினாலும் அந்தப் பட்டை வேண்டாம். ஆலிஸ் சட்டத்தில் மாலி தொகுதியின் தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் மாட்டிக்கொள்வது பலரும் செய்கிற மாற்றம், நல்ல மாற்றமும்கூட. தடிமனான இடுப்புப் பட்டை இருந்தால் சுமையில் ஒரு பங்கு இடுப்புக்கு இறங்கும்.

தோள் வலியை விட்டுவிடலாம். கை மரத்துப்போவதை விடக் கூடாது. தோள் பட்டை கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றையை அழுத்துவதால், முதலில் விரல்களில் ஊசி குத்துவது போல இருக்கும், பிறகு கை கனக்கும், தூக்க முடியாமல் போகும். சட்டமும் இடுப்புப் பட்டையும் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன. ஆனாலும் மரத்தல் தொடங்கினால் பையை இறக்குங்கள். இறக்கிய பிறகும் கை பலவீனமாகவே இருந்தால் அன்றைய நடை முடிந்தது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துத் தாண்டுகிற வலி அல்ல இது.

பையை எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. ஜிம்மில் கிடைக்கும் 10 கிலோ வட்டத் தட்டு இரண்டைப் போட்டுக் கிளம்புகிறவர்கள் அதிகம். தட்டு கனமானது, இடம் அடைக்காது, அதனால் நேரே பையின் அடிக்குப் போய்விடும். அங்கிருந்து பையைப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சமன் செய்ய நீங்கள் முன்னே குனிவீர்கள். குனிந்தபடி இரண்டு மணி நேரம் நடந்தால் கீழ் முதுகு கட்டிக்கொள்ளும். கனம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி இருக்க வேண்டும். பையின் அடியில் பழைய கம்பளியை இறுகச் சுருட்டி வையுங்கள். உலர்ந்த மணல் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ, அப்படியானால் 10 கிலோ மணல் 6 லிட்டருக்குச் சற்று மேல். அதைக் கெட்டியான இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் 5 கிலோவாகப் பிரித்து, தட்டையாக அமுக்கி, டேப் சுற்றி, மேலே சொன்ன வானொலிப் பாக்கெட்டில் நிற்க வையுங்கள். மிச்சக் கனத்தைத் தண்ணீர்ப் பாட்டில்களாக, மணலுக்கு வெளிப்பக்கம் மேல்மட்டத்தில் அடுக்குங்கள். தண்ணீர் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு: முழங்கால் முரண்டு பிடித்தால் பாதி வழியில் ஊற்றிவிட்டுச் சுமையைக் குறைத்துக்கொண்டு வீடு திரும்பலாம். மணலை எந்தத் தெருவில் கொட்டுவது?

கடைசியில், பை முழுக்க நிரம்பாவிட்டால் வாய்க் கயிறை இழுத்து, மேல் மூடியின் பட்டைகளை இறுக்குங்கள். பையைத் தூக்கிக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. உள்ளே ஆடுகிற 1 கிலோ, ஆடாத 3 கிலோவைவிட மோசம்.

இந்தப் பையோடு பயிற்சியை எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது? வாரத்துக்கு ஒரு நடை போதும், உச்சக்கட்டத்தில் இரண்டு. 10 கிலோவில் 5 கிலோமீட்டர் என்று தொடங்குங்கள். ஒரு வாரத்தில் எடை, தூரம், வேகம் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். எடையைக் கூட்டுவதானால் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். நான்காவது வாரம் எல்லாவற்றையும் குறையுங்கள். இந்த விதியை மீறுகிறவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் விரலால் தொட்டால் சுரீர் என்று ஒரு புள்ளி வலிக்கத் தொடங்கும். அது எலும்பு விரிசலின் ஆரம்பமாக இருக்கலாம், அதன் மேல் நடந்தால் மாதக்கணக்கில் படுக்க வேண்டிவரும். தசை ஒரு மாதத்தில் பழகிக்கொள்கிறது. எலும்பு அவ்வளவு சீக்கிரம் பழகாது.

சுமையோடு ஓடாதீர்கள். கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 107 மீட்டர். அடிக்கு 85 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 126 அடி. வேகம் வேண்டுமானால் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அடியை நீட்டாதீர்கள். நீட்டினால் குதிகால் உடம்புக்கு வெகு முன்னே போய் விழுந்து, ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டதுபோல முன்னெலும்பை அறையும். மெக்காலின் மணலுக்குப் பழக, மாதம் ஒரு தடவை கடற்கரையின் உலர்ந்த மணலில் பாதிச் சுமையோடு நடக்கலாம். கெண்டைக்கால்தான் முதலில் கத்தும்.

மனப் பயிற்சிக்கும் இதே பைதான் கருவி. தெரிந்த 12 கிலோமீட்டரை நடப்பதும், எத்தனை என்றே தெரியாமல் நடப்பதும் ஒன்றல்ல. முடிவு தெரிந்தால் மூளை சக்தியைப் பங்கிட்டுக்கொள்ளும். தெரியாவிட்டால் பயத்திலேயே பாதி கரைந்துவிடும். நண்பர் ஒருவரிடம் பாதையை ஒப்படையுங்கள். உங்கள் கைக்கடிகாரம் அவர் பையில். அவர் மூன்று மூடிய உறைகளில் 3, 5, 8 கிலோமீட்டர் என்று எழுதி வைத்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று நீங்கள் பையை இறக்கப் போகும் நேரத்தில் ஓர் உறையைப் பிரிக்கட்டும். அந்த ஐந்து விநாடியில் நெஞ்சுக்குள் எழும் கோபத்தைச் சமாளிப்பதுதான் பாடம்: நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும்வரை நிறுத்தி, நான்கு எண்ணும்வரை விட்டு, மறுபடி நான்கு எண்ணும்வரை நிறுத்துங்கள், பட்டையை இறுக்குங்கள், அடுத்த விளக்குக் கம்பம் வரை மட்டும் யோசியுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். வாராவாரம் செய்தால் உடம்பு தேறாது, மனமும் இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்.

விட்டுவிடலாமா என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அதற்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்றத்தில் முடிவெடுப்பதில்லை, சாக்ஸ் மாற்றி, ஏதாவது சாப்பிட்டு, பத்து நிமிடம் கழித்தே முடிவு. வெப்பம் மட்டும் இந்த விதிக்கு வெளியே. தலைசுற்றல், பேச்சுக் குழறல், தள்ளாட்டம், தோல் கொதிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி, நிழலுக்குப் போய் உடம்பைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். 2013 ஜூலையில் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில், கடும் வெயில் நாளில் நடந்த பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் தேர்வு நடையில் பங்கேற்ற ரிசர்வ் வீரர்கள் 3 பேர் வெப்பத் தாக்குதலால் உயிரிழந்தார்கள். மூவரும் பயிற்சி பெற்றவர்கள். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை, வைகாசியில் நடக்கிறவர்கள் விடிவதற்குள் முடித்துவிடுங்கள், தனியாகப் போகாதீர்கள். தண்ணீரையும் அளவில்லாமல் ஊற்றிக்கொள்ளக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் வரம்பு மணிக்கு ஒன்றரை குவார்ட், அதாவது சுமார் 1.4 லிட்டர். அதற்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அதுவும் ஆளைச் சாய்க்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. 'ஆலிஸ் மாடல்' என்று விற்கும் நகல்கள் நிறைய. அசலில் முத்திரை அல்லது துணிச்சீட்டு இருக்கும். அதில் 8465 என்று தொடங்கும் ராணுவச் சரக்கு எண்ணும், டி.எஸ்.ஏ., டி.எல்.ஏ. போன்ற எழுத்துகளில் தொடங்கும் ஒப்பந்த எண்ணும் அச்சாகியிருக்கும். ஒப்பந்த எண்ணின் நடுவே வரும் 83 போன்ற இரண்டு இலக்கம் ஒப்பந்த ஆண்டைக் காட்டும். எழுத்து அழிந்திருந்தால் சட்டத்தைப் பாருங்கள். இரண்டு கையாலும் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்குங்கள். ரிவெட் தலைகளில் ஒன்று அசைந்தாலும், 'கிரீச்' என்று கேட்டாலும் விலை பேச வேண்டாம், வைத்துவிடுங்கள். பையின் அடித் தையலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊசித் துளைகள் இழுபட்டுப் பெரிதாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். உள்பக்கப் பூச்சு பிசுபிசுப்பாக உரிந்து வருவது வயதின் அடையாளம். மழைக்கு ஒழுகும், மற்றபடி பயிற்சிக்குத் தடையில்லை. பொருட்களை பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும்.

குட்டையான முதுகு உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் ஒத்துவராது. நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, ஃபோம் போட்டாலும் கீழ்க்குழாய் பிட்டத்தில் இடிக்கும். அவர்கள் சரிசெய்யக்கூடிய முதுகுப்பலகை உள்ள மலையேற்றப் பையில் பயிற்சியைத் தொடங்கி, கடைசி ஆறு வாரத்துக்கு மட்டும் ராணுவப் பைக்கு மாறலாம். தேர்வில் கொடுக்கும் பையைத்தான் சுமக்க வேண்டும், அதனால் அந்த ஆறு வாரத்தைத் தவிர்க்க முடியாது.

வாங்கிய பிறகு மேல்மூடிப் பாக்கெட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை: நான்கு கேபிள் டை, இரண்டு மீட்டர் பாராசூட் கயிறு, பென்சிலில் சுற்றிய கொஞ்சம் துணி டேப், ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். ரிவெட் விட்டுப்போனால் கயிறும் டையும் சேர்ந்து சட்டத்தை வீடு வரை பிடித்து நிறுத்தும்.