முரானோ மீனா, வெட்ஜ்வுட் நத்தையா?

பழைய வண்ணக் கண்ணாடி மிருகங்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடனே கேட்பது இத்தாலியின் வெனிஸ் அருகே உள்ள முரானோ தீவின் கண்ணாடியைத்தான். நானும் அதில்தான் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். திருகோணமலையில் டச்சு விரிகுடாவைப் பார்த்த வீட்டில் இருக்கும் எனக்கு இப்போது தோன்றுவது வேறு: முதல் காசை இங்கிலாந்துக் கண்ணாடியில் போடுங்கள்.

முரானோ அழகில்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். வெனிஸ் நகரம் தன் கண்ணாடி உலைகளை 1291இல் அந்தத் தீவுக்கு மாற்றியது. அன்று தொட்டு அங்கே அதே தொழில். சொம்மெர்சோ என்பது அவர்களது கைவேலைகளில் ஒன்று. ஒரு நிறக் கண்ணாடி உருண்டையை உருகிய இன்னொரு நிறத்தில் முக்கி எடுத்து, மேலே நிறமில்லாத கண்ணாடியைப் போர்த்துவார்கள். என்னிடம் இருக்கும் மீனைக் காலை வெயிலில் பிடித்தால் வயிற்றில் தேன் நிறம், அதைச் சுற்றிப் பச்சை. கொஞ்சம் திருப்பினால் தேன் முழுவதும் வாலுக்கு ஓடிவிடும்.

தொல்லை வாங்கும்போது வருகிறது. பல பட்டறைகள் கையொப்பம் இடுவதில்லை. ஒட்டுவது ஒரு காகித லேபிள். நாலு தடவை கழுவினால் அது போய்விடும், யாரும் புதிதாக ஒட்டவும் முடியும். ஆகவே அடிப்பக்கத்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் அலுமாரியில் இருந்த பொம்மையின் அடியில் நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை என்று சந்தேகப்படலாம். இணையத்தில் வாங்குகிறவருக்கு அடிப்பக்கத்தின் படத்தை யார் காட்டுகிறார்கள்? என் மீன் பார்சலில் வந்தபோது முதுகுச் செட்டை முறிந்திருந்தது. விற்றவர், அனுப்பும்போது முழுசாகத்தான் இருந்தது என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிட்டார்.

பச்சை, மஞ்சள் பொம்மைகளைப் புற ஊதா விளக்கில் காட்டி, பச்சையாக ஒளிர்கிறதே, ஆகவே இது முரானோ என்பவர்களும் உண்டு. அது கண்ணாடியில் யுரேனியம் கலந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பல நாடுகளில் கலந்தார்கள்.

இனி நத்தை. ரொனால்ட் ஸ்டெனெட்-வில்சன் 1967இல் இங்கிலாந்தில் நோர்போக்கின் கிங்ஸ் லின் ஊரில் தொடங்கிய கண்ணாடி ஆலையை வெட்ஜ்வுட் என்ற பீங்கான் நிறுவனம் 1969இல் வாங்கியது. பறவை, நத்தை, யானை என்று, காகிதம் பறக்காமல் மேலே வைக்கும் கனமான பாரங்களாகச் செய்தார்கள். அடியில் நிறுவனத்தின் பெயரை அமிலத்தால் அரித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் வாயால் ஊதுங்கள். மூச்சுப் படிந்ததும் எழுத்து மேலெழும், சில நொடிகளில் மறையும். என் நத்தை நாவற்பழ ஊதா. உடைவதற்கு அதில் துருத்திய பாகமே இல்லை. லண்டனில் இருக்கும் மச்சாள், அங்குள்ள தருமக் கடை ஒன்றில் வாங்கிச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். நிறம் ஒன்றுதான், மீனின் விளையாட்டு இதில் கிடையாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பின்லாந்தின் ஓய்வா தொய்க்கா 1972 முதல் வடிவமைத்த ஊதிய கண்ணாடிப் பறவைகளை விலை கேட்டதும் கீழே வைத்துவிட்டேன். அமெரிக்காவில் 1905இல் தொடங்கிய ஃபென்டன் நிறுவனம் 1907 முதல் 2011 வரை உலை மூட்டியது. அச்சில் அழுத்திய பொம்மைகள், 1970களிலிருந்து பெயரும் கண்ணாடியிலேயே பதிந்திருக்கும். நம்பி வாங்கலாம், ஆனால் அச்சுத் தையல் கோடு என் கண்ணை உறுத்துகிறது.

எங்கள் ஊருக்கு வேறொரு கணக்கும் உண்டு. வாடைக்காற்று தொடங்கினால் ஜன்னலோரச் சாமானில் எல்லாம் உப்புப் படலம். கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழுகிறது. நான் மழைநீரைத்தான் பிடித்து வைக்கிறேன். நத்தைக்கு ஒரு துடைப்புப் போதும். மீனுக்குச் செட்டையிடுக்கு ஒவ்வொன்றுக்கும் பஞ்சுக்குச்சி வேண்டும்.

அதற்காக நத்தையை ஜன்னலில் வைத்தேன். ஒரு கச்சான் காலக் காலையில் மேசை விரிப்புக் கருகிய மணம். போய்ப் பார்த்தால் நத்தையின் முதுகு வெயிலைக் குவித்துத் துணியில் விரலளவு கோடு போட்டிருக்கிறது. இப்போது நத்தை உள் அலுமாரியில். ஜன்னலில் மீன், முறிந்த செட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி.