‘பேசாதே’ என்று ஸ்பானியத்தில் சொல்ல இரண்டு வழிகள்

‘பேசு’ என்னும் ஏவலை எதிர்மறையாக்கத் தமிழில் ‘இல்லை’ என்பதை ஒட்டுவதில்லை. வினையே உருமாறிப் ‘பேசாதே’ என்று நிற்கிறது. ஸ்பானியத்திலும் அப்படித்தான். ‘ஆப்லா’ என்றால் பேசு. ஆனால் அதன் முன் ‘நோ’ சேர்த்து ‘நோ ஆப்லா’ என்றால் ‘அவன் பேசுவதில்லை’ என்று பொருள் மாறிவிடும். ‘நோ ஆப்லெஸ்’ என்பதே பேசாதே.

இவ்வடிவத்தை அடைய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அகராதி வடிவத்திலிருந்து புறப்படுவது: ஈற்றில் ‘ஆர்’ இருந்தால் அதை நீக்கி ‘எஸ்’ சேர்க்க வேண்டும், ‘ஏர்’, ‘ஈர்’ இருந்தால் ‘ஆஸ்’ சேர்க்க வேண்டும். அப்லார் ‘நோ ஆப்லெஸ்’ ஆகும். உண்ணுதலைக் குறிக்கும் கொமேர் ‘நோ கோமாஸ்’ ஆகும். எழுதுதலைக் குறிக்கும் எஸ்க்ரிபீர் ‘நோ எஸ்க்ரீபாஸ்’ ஆகும். எளிது, விரைவில் கைவந்துவிடும்.

இரண்டாவது, நிகழ்காலத் தன்மை ஒருமையிலிருந்து தொடங்குவது. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். அதன் ஈற்று ஓகாரத்தைக் களைந்து அதே விகுதியைச் சேர்க்க வேண்டும். ஒழுங்கான வினைகளில் இரு வழியும் ஒரே விடையைத் தருவதால், இது வீண் சுற்றாகவே தோன்றும். ஆயினும் தொடக்கத்திலேயே இதைப் பழகுவதுதான் நல்லது என்பேன். ‘பயப்படாதே’ என்பதற்கு அங்கே ‘நோ தெங்காஸ் மியெதோ’ என்பார்கள். அதன் வினை தெனேர். முதல் வழியில் போனால் ‘தெனாஸ்’ என்ற, மொழியில் இல்லாத சொல்லில் போய் நிற்போம். ‘தெங்கோ’ என்ற தன்மை வடிவிலிருந்து போனால் ‘தெங்காஸ்’ தானாகவே வந்துவிடும். தன் எல்லையையும் இவ்வழியே காட்டிவிடுகிறது: ‘போகிறேன்’ என்னும் ‘வோய்’ ஓகாரத்தில் முடிவதில்லை, ஆகவே ‘நோ வாயாஸ்’ என்பதைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

எழுத்தில் மட்டும் இரு வழியிலும் கவனம் தேவை. தேடுதலைக் குறிக்கும் புஸ்கார், ‘நோ புஸ்கெஸ்’ ஆகும்போது ககர ஒலி மாறாதிருக்க, ‘சி’ என்ற எழுத்து நீங்கி அவ்விடத்தில் ‘கியூ’, ‘யூ’ இரண்டும் வருகின்றன.

மரியாதை வடிவில் ஏவலுக்கும் எதிர்மறைக்கும் வினை வேறுபடும் சிக்கலே இல்லை: ‘பேசுங்கள்’ என்பது ‘ஆப்லே’, ‘பேசாதீர்கள்’ என்பது ‘நோ ஆப்லே’. சுவரில் எழுதும் அறிவிப்புக்கோ அகராதி வடிவமே போதும். ‘நோ ஃபுமார்’ என்றால் புகைபிடிக்கக் கூடாது. ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் அது பொருந்தாது. நண்பரிடம் ‘நோ ஃபூமெஸ்’ என்றே சொல்ல வேண்டும்.