ஏசி பொருத்திய பழைய அம்பாசிடருக்கு 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டரா, 100 ஆம்பியரா?

பாளையங்கோட்டையில் கல்யாண மண்டப வாசலில் ஏசி ஓடியபடியே நிற்கும் பழைய அம்பாசிடரின் ஹெட்லைட் மெல்ல மங்கத் தொடங்கினால், பேட்டரி போய்விட்டது என்றே பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. என்ஜின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவியில்தான் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின் காலத்தில் அந்த வேலையைச் செய்த லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போதே 22 ஆம்பியர்தான் தரும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது, ஏறத்தாழ ஒன்றும் தராது. ஏசி வண்டியின் இரவுத் தேவையோ புளோயருக்கு 10, கண்டன்சர் ஃபேனுக்கு 9, கம்ப்ரசர் கிளட்சுக்கு 4, ஹெட்லைட்டுக்கு 10, இக்னிஷனுக்கும் மற்ற விளக்குகளுக்கும் 7 என்று 40 ஆம்பியரை எட்டிவிடுகிறது.

டைனமோவை மாற்றி, அதே வேலையைச் செய்யும் பிற்காலக் கருவியான 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பொருத்தியிருப்பவர்கள், அதையே ரீவைண்டிங் செய்து (உள்ளிருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி) ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். செலவு குறைவுதான், ஆனால் ஏசிக்கு அது போதாது. ஆல்டர்னேட்டரின் மேல் பொறித்திருக்கும் ஆம்பியர் அதிவேகத்துக்குரியது, ஐடிலிங்கில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம் என்பதால், 35 ஆம்பியர் யூனிட் நின்ற இடத்தில் 17 அளவே தரும். மீதி 23 ஆம்பியரைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் 60 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகிவிடும்.

65 ஆம்பியர் யூனிட்டில் அதே கணக்கின்படி பற்றாக்குறை 8 ஆம்பியர்தான். ஏசி போட்டதும் ஐடிலிங்கைச் சற்று உயர்த்தும் அமைப்பு இருந்தால் அதுவும் குறையும். ஆலங்குளம் தாண்டித் தென்காசிச் சாலையில் ஓடும்போது இழந்தது திரும்பிவிடும். பெரும்பாலான வண்டிகளுக்கு நான் இதையே சொல்வேன்.

100 ஆம்பியர் நின்ற இடத்திலேயே தேவையை நிறைவேற்றும் என்பது உண்மை. ஆனால் முழு மின்சாரத்தையும் எடுக்கும்போது அது என்ஜினிடமிருந்து சுமார் 3 குதிரைத்திறனைப் பிடுங்கும். அந்தப் பாரத்தைச் சுமப்பதோ ஒற்றை வி-பெல்ட். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ரேடியேட்டர் ஃபேனையும் சுற்றுகிறது. சித்திரை வெயிலில் அது வழுக்கினால் மின்சாரத்தோடு என்ஜினின் குளிர்ச்சியும் போய்விடும். இரட்டை பெல்ட் புல்லி செய்து, பிராக்கெட்டையும் உறுதியாக அமைத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கும், ஊர்வலத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து செல்லும் வாடகை வண்டிகளுக்கும் மட்டுமே அது ஏற்றது.

எதைத் தேர்ந்தாலும் பழைய வயரை அப்படியே விடக் கூடாது. சார்ஜிங் மின்சாரம் டாஷ்போர்டு ஆம்மீட்டர் வழியே போகும் வண்டிகளில், 30 ஆம்பியருக்கென்று அமைந்த அந்த மீட்டரே சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேபிளைத் தனியாக இழுத்து, பேட்டரி முனையருகே ஃபியூஸ் வைத்து, ஆம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர் பொருத்துவதே பாதுகாப்பு. வண்டி பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்து, இருந்தால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும்; மாற்றாமல் இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் அந்தக் கணமே எரிந்துவிடும்.